தெளிவும் அளவும்

நுழையும்முன்

மண்டையோடு என்னும் மூடிய பெட்டிக்குள் இருக்கும் மூளையை, பெட்டியைத் திறக்காமலே காட்டும் கருவி சி.டி. ஸ்கேன். ஒரே தலையை வெவ்வேறு முறைகளில் படம் எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தெளிவாகக் காட்டும். மற்றொன்றை மங்கச் செய்யும். அவற்றுள் தரமான படம் எது? கண்ணுக்கு அழகாகத் தோன்றும் படமா, மருத்துவரின் வினாவிற்கு விடை தரும் படமா? இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

ஒரே அறிகுறி, இரு காரணங்கள்

ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சின் நடுவே அவருடைய வாய் ஒருபுறம் கோணுகிறது, கை தளர்ந்து விழுகிறது, சொல் குழறுகிறது. இவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இவற்றிற்கு இரு காரணங்கள் இருக்கலாம். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயை உறைந்த இரத்தம் அடைத்திருக்கலாம். அல்லது இரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். வெளியே தெரியும் அறிகுறிகளைக் கொண்டு மட்டும் இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது.

இவற்றிற்கான மருத்துவமோ ஒன்றுக்கொன்று நேர்மாறானது. அடைப்பாக இருந்தால், அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தி நோயாளியைப் பெரும் இழப்பிலிருந்து காக்க வாய்ப்புண்டு. கசிவாக இருந்தால், அதே மருந்து கசிவைப் பெருக்கி உயிரைப் பறிக்கக்கூடும். காத்திருக்கவும் நேரமில்லை. பெரிய இரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில், சராசரியாக ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என நரம்பியலார் கணக்கிட்டுள்ளனர்.

இந்நிலையில் மருத்துவர் முதலில் நாடுவது தலையின் சி.டி. படத்தையே. அப்படம் தெளிவாக இருப்பதும் இல்லாதிருப்பதும் ஓர் உயிரின் போக்கைத் தீர்மானிக்கின்றன. ஆதலால், படத்தின் தரம் என்றால் என்ன என்பதை ஆராய்வது மருத்துவத்தின் இன்றியமையாத பணியாகிறது.

நிழலிலிருந்து படத்திற்கு

1895ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டு இயற்பியலாளர் வில்ஹெம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அக்கதிர்கள் தசையை எளிதில் ஊடுருவின. எலும்பில் பெருமளவு தடுக்கப்பட்டன. கையெலும்பின் முறிவைக் காண இது போதுமானதாக இருந்தது. மூளையைக் காண்பதற்கு இது போதவில்லை. மண்டையோட்டின் முன்பக்க எலும்பு, பின்பக்க எலும்பு, இடையிலுள்ள மூளை ஆகிய அனைத்தின் நிழல்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. எலும்பின் நிழலில் மூளையின் நிழல் மறைந்துபோயிற்று.

இக்குறையைப் போக்க, அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1918, 1919ஆம் ஆண்டுகளில் ஒரு வழியைக் கண்டார். மூளையின் உள்ளறைகளிலுள்ள திரவத்தை அகற்றிவிட்டு அவ்விடத்தில் காற்றைச் செலுத்திப் படம் எடுக்கும் முறை அது. நோயாளிகள் கடுமையான தலைவலியையும் வாந்தியையும் தாங்க வேண்டியிருந்தது. அவ்வாறு எடுத்த படத்திலும் மூளை நேரடியாகத் தெரியவில்லை. காற்று நிறைந்த அறைகளின் வடிவம் மட்டுமே தெரிந்தது. அறையின் வடிவம் கோணியிருந்தால், அருகே கட்டி இருக்கலாம் என மருத்துவர் உய்த்துணர்ந்தார்.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்து நாட்டுப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. ஒரு திசையிலிருந்து கிடைக்கும் நிழலைக் கொண்டு உள்ளிருப்பதை அறிய இயலாது. பல திசைகளிலிருந்து கிடைக்கும் நிழல்களைக் கணக்கிட்டால் அறியலாம் என்பது அவருடைய கருத்து.

இக்கருத்தைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு சதுரத்தில் நான்கு கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓர் எண் மறைந்துள்ளது. மேல்வரிசையின் கூட்டுத்தொகை 6. கீழ்வரிசையின் கூட்டுத்தொகை 5. இடப்பக்க நிரலின் கூட்டுத்தொகை 4. வலப்பக்க நிரலின் கூட்டுத்தொகை 7. இவை மட்டும் தெரிந்தால் விடை உறுதியாவதில்லை. மேல் இடக்கட்டத்தையும் கீழ் வலக்கட்டத்தையும் இணைக்கும் மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை 3 என்பதும் தெரிந்தால், நான்கு எண்களும் வெளிப்பட்டுவிடுகின்றன. மேல்வரிசையில் 1, 5. கீழ்வரிசையில் 3, 2. இங்குக் கூட்டுத்தொகை என்பது ஒரு திசையில் சென்ற கதிர் எவ்வளவு தடுக்கப்பட்டது என்னும் அளவாகும். திசைகள் பெருகப் பெருக, மறைந்திருக்கும் எண்கள் ஐயமற வெளிப்படுகின்றன. சி.டி. என்பது இக்கணக்கின் மிகப் பெரிய வடிவமே ஆகும்.

1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இலண்டன் நகரின் விம்பிள்டன் பகுதியிலிருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளையில் கட்டி இருப்பதாக ஐயுற்ற பெண் ஒருவருக்கு முதன்முதலாக இம்முறையில் படம் எடுக்கப்பட்டது. கருவி, 180 கோணங்களில் கோணத்திற்கு 160 வீதம் 28,800 அளவீடுகளை எடுத்தது. ஒரு தளத்தின் அளவீடுகளுக்கு ஏறத்தாழ 5 நிமிடங்கள் ஆயின. கிடைத்த படத்தில் நீளவாக்கில் 80, அகலவாக்கில் 80 என 6,400 புள்ளிகளே இருந்தன. இக்காலப் படத்தில் பொதுவாக 512க்கு 512 என இரண்டு இலட்சத்து அறுபத்திரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஆயினும், அந்த முரட்டுப் படத்திலேயே கட்டி தெளிவாகத் தெரிந்தது. மருத்துவரின் வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது. படத்தின் தரத்தைப் பற்றிய முதற்பாடத்தை முதற்படமே கற்பித்தது எனலாம்.

தெரியுமா?

ஹவுன்ஸ்ஃபீல்டு தமது தொடக்க ஆய்வைக் கடைசல் இயந்திரத்தின் அடிப்பாகத்தின்மேல் அமைத்தார். அளவீடுகளை எடுக்க 9 நாட்களும் கணினியில் கணக்கிட இரண்டரை மணி நேரமும் ஆயின. தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மக், இதற்கான கணித வழியை 1963, 1964ஆம் ஆண்டுகளிலேயே தனியாக வெளியிட்டிருந்தார். இருவருக்கும் 1979ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இருவருமே முனைவர் பட்டம் பெறாதவர்கள்.

எண்ணும் நிறமும்

சி.டி. கருவி உண்மையில் தருவது எண்களின் அட்டவணையே. ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள பொருள் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை அந்த எண் குறிக்கும். இவ்வலகு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே வழங்கப்படுகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000 என வரையறுத்துள்ளனர். அடர்ந்த எலும்பு 1000 அலகு அல்லது அதற்கு மேலும் செல்லும். மூளையின் வெண்ணிறப் பகுதி ஏறத்தாழ 28, சாம்பல் நிறப் பகுதி ஏறத்தாழ 38, புதிதாக உறைந்த இரத்தம் ஏறத்தாழ 60 முதல் 80 வரை என அமையும்.

இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட அலகுகள் கொண்ட நெடிய அளவுகோலில், மூளையின் இரு பகுதிகளுக்கும் உள்ள இடைவெளி வெறும் 10 அலகுதான். அடைப்பினால் ஏற்படும் பக்கவாதத்தின் முதல் சில மணி நேரத்தில், சாம்பல் நிறப் பகுதி சற்றே மங்கி வெண்ணிறப் பகுதியோடு ஒன்றிப்போவதே முதல் அடையாளம். சில அலகுகளே ஆன அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே தலைப் படத்தின் கடினமான பணி.

நெடிய அளவுகோல் முழுவதையும் கறுப்பு முதல் வெள்ளை வரை பரப்பிக் காட்டினால், பத்து அலகு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. எனவே, தேவையான சிறு பகுதியை மட்டும் விரித்துக் காட்டுவர். இதற்குச் ‘சாளரம்’ என்று பெயர். மூளையைக் காணப் பொதுவாக 0 முதல் 80 வரையிலான சாளரத்தைத் திறப்பர். அதற்குக் கீழுள்ளவை முழுக்கறுப்பாகவும் மேலுள்ளவை முழுவெள்ளையாகவும் தோன்றும். இதில் மண்டையோட்டின் எலும்பு ஒரே வெண்பட்டையாகத் தெரியுமேயன்றி, அதிலுள்ள விரிசல் தெரியாது. விரிசலைக் காண, ஏறத்தாழ 2000 அலகுக்கும் மேற்பட்ட அகலமுள்ள எலும்புச் சாளரத்தைத் திறக்க வேண்டும். அப்போது மூளை ஒரே சாம்பல் நிறமாகிவிடும். எண்கள் மாறவில்லை, காணும் வகையே மாறியது. ஒரு படத்தைத் தரமற்றது என்று கூறுவதற்கு முன், உரிய சாளரத்தில் அது காணப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

தரத்தின் நான்கு கூறுகள்

படத்தின் தரத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காண்பர். நெருங்கியுள்ள இரு நுண்பொருள்களைத் தனித்தனியே காட்டும் ஆற்றல் பிரிதிறன் ஆகும். அருகருகே உள்ள இரு திசுக்களின் நிற இடைவெளி வேறுபாடு எனப்படும். சீரான பொருளும் சீரற்ற புள்ளிகளாகத் தோன்றுவது இரைச்சல் ஆகும். இல்லாத ஒன்று இருப்பதுபோலத் தோன்றுவது பொய்த்தோற்றம் ஆகும்.

இவற்றுள் இரைச்சலின் காரணத்தை அறிந்துகொள்வது சிறப்பாகத் தேவை. முற்றத்தில் ஒரே அளவான கற்கள் பதிக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். தூறல் விழத் தொடங்கும்போது ஒரு கல்லின்மீது ஐந்து துளிகளும் பக்கத்துக் கல்லின்மீது ஒன்பது துளிகளும் விழலாம். முற்றம் புள்ளி புள்ளியாகக் காட்சியளிக்கும். மழை வலுத்த பின்னர் எல்லாக் கற்களும் ஒரே சீராக நனைந்துவிடும். எக்ஸ் கதிரும் துளித்துளியாகவே வந்து உணர்கருவியில் விழுகிறது. சராசரியாக 100 துளிகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 10; அதாவது 10 விழுக்காடு. 400 துளிகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 20. அதாவது 5 விழுக்காடு. எனவே, இரைச்சலைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் கதிர்வீச்சை நான்கு மடங்காக்க வேண்டும். தெளிவு இலவசமாகக் கிடைப்பதில்லை. அதன் விலையை நோயாளியின் உடல் செலுத்துகிறது.

படிமுறையும் சுருள்முறையும்

தலையைப் படம் எடுக்கும் முறைகளுள் பழையது படிமுறை. நோயாளி படுத்திருக்கும் மேசை ஓரிடத்தில் நிற்கும். கதிர்க்குழாய் ஒருமுறை சுற்றிவரும். பின்னர் மேசை சிறிது நகர்ந்து மீண்டும் நிற்கும். மாடிப்படிகளில் நின்று நின்று ஏறுவதைப் போன்றது இது. 1989ஆம் ஆண்டு சுருள்முறை அறிமுகமாயிற்று. இதில் குழாய் நிற்காமல் சுற்ற, மேசையும் நிற்காமல் நகரும். கதிரின் பாதை தலையைச் சுற்றிச் சுருளாக அமையும். உணர்கருவியின் வரிசைகள் பெருகிய இக்காலக் கருவிகளில், தலை முழுவதையும் சில நொடிகளில் இம்முறையால் படம் எடுத்துவிடலாம்.

இரண்டையும் ஒப்பிடும்போது ஒவ்வொன்றின் நிறையும் குறையும் புலப்படுகின்றன. படிமுறையில் ஒவ்வொரு தளமும் முழுச்சுற்றின் அளவீடுகளால் அமைவதால், மூளையின் மென்மையான வேறுபாடுகள் நன்கு தெரியும். கருவியின் வளையத்தைச் சாய்த்து, கதிரால் ஊறுபடக்கூடிய விழிவில்லையை விலக்கிப் படம் எடுக்கவும் முடியும். சுருள்முறையில் இடைப்பட்ட தளங்களைக் கணக்கால் இட்டு நிரப்ப வேண்டியிருப்பதால், எலும்பு திடீரென வடிவம் மாறும் மண்டையோட்டின் அடிப்பகுதியில் காற்றாடியின் இதழ்களைப் போன்ற பொய்க்கோடுகள் தோன்றக்கூடும். சுருளின் இரு முனைகளிலும் படத்திற்குத் தேவையான எல்லையைத் தாண்டிச் சிறிது கதிர்வீச்சும் விழுகிறது.

எனினும், நோயாளி மனத்தெளிவின்றிப் புரளும் நிலையில் சுருள்முறையின் வேகமே கைகொடுக்கிறது. படிமுறையில் இரு படிகளுக்கு இடையே தலை அசைந்தால், ஒரு பகுதி விடுபடவோ இருமுறை பதிவாகவோ நேரும். மேலும், சுருள்முறையில் தலை முழுவதும் இடைவெளியின்றிப் பதிவாவதால், குறுக்கு, நெடுக்கு, முன்பின் என எத்திசையிலும் வெட்டிக் காணலாம். பழைய கருவிகளில் மூளைப் படத்திற்குப் படிமுறையே மேலானதாகக் கருதப்பட்டது. கருவிகள் வளர வளர இருமுறைகளுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கி வருகிறது.

தடித்த தளமும் மெல்லிய தளமும்

பதிவான அளவீடுகளைத் தடித்த தளங்களாகவும் மெல்லிய தளங்களாகவும் பகுக்கலாம். 5 மில்லிமீட்டர் தளத்தோடு ஒப்பிட்டால், 1 மில்லிமீட்டர் தளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கதிர்த்துளிகளே சேரும். ஆகவே, இரைச்சல் ஏறத்தாழ 2.2 மடங்காகும். படம் மணல் தூவியதுபோல் தோன்றும்.

அப்படியாயின் தடித்த தளமே சிறந்தது எனலாமா? மூளைக்குள் 2 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு சிறு கசிவு இருப்பதாகக் கொள்வோம். கசிந்த இரத்தம் 70 அலகு; சூழ்ந்துள்ள மூளை 30 அலகு. 5 மில்லிமீட்டர் தளத்தில் இவை கலந்து சராசரியாகி 46 அலகாகத் தோன்றும். சாம்பல் நிறப் பகுதியின் 38 அலகிற்கு அது அருகில் இருப்பதால், பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடலாம். 1 மில்லிமீட்டர் தளத்தில் படம் கரடுமுரடாக இருப்பினும் கசிவு 70 அலகாகவே நிற்கும். எனவே, ஒரே பதிவிலிருந்து இருவகைத் தளங்களையும் உருவாக்கி, மூளையின் பொதுநிலையைத் தடித்த தளத்திலும் ஐயமான இடத்தை மெல்லிய தளத்திலும் காண்பதே வழக்கம். இதற்கு நோயாளியை மீண்டும் கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டியதில்லை.

கணக்கிடும்போது பயன்படுத்தும் வடிப்பானும் இத்தகையதே. மென்வடிப்பான் இரைச்சலை அடக்கி மூளையைத் தெளிவாக்கும். எலும்பின் விளிம்பை மழுக்கும். கூர்வடிப்பான் எலும்பின் நுண்விரிசலைக் காட்டும். மூளையை இரைச்சலில் மூழ்கடிக்கும்.

பல் மருத்துவத்திலும் காது, மூக்கு, தொண்டை மருத்துவத்திலும் பயன்படும் கூம்புக்கற்றை சி.டி. இவ்வுண்மைக்கு மற்றொரு சான்று. பற்களின் வேரையும் காதெலும்பின் நுண்ணமைப்பையும் அது மிகக் கூர்மையாகக் காட்டும். ஆனால், மூளையின் சாம்பல் நிறப் பகுதியையும் வெண்ணிறப் பகுதியையும் அதனால் செவ்வனே பிரித்துக்காட்ட இயலாது. கூர்மை மிகுந்த கருவி எல்லா வினாக்களுக்கும் ஏற்ற கருவியாகிவிடாது.

கணக்கீட்டு முறைகளின் வளர்ச்சி

அளவீடுகளைப் படமாக்கும் கணக்கு முறைகளும் பலவாகும். நெடுங்காலம் வழக்கில் இருந்தது பின்வீச்சு முறை. ஒவ்வொரு திசையிலும் கிடைத்த நிழலை வடிப்பானில் இட்டுத் திருத்தி, வந்த வழியே திரும்பப் பரப்பி, அனைத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் படம் உருவாகும். இது விரைவானது; ஆனால், கதிர்வீச்சு குறைந்தால் இரைச்சல் மிகுந்துவிடும்.

படிப்படியாகத் திருத்தும் முறை வேறு வகையானது. கணினி முதலில் ஒரு படத்தை ஊகிக்கும். அப்படம் உண்மையாயின் எத்தகைய நிழல்கள் விழும் எனக் கணக்கிடும். அவற்றை உண்மையில் பதிவான நிழல்களோடு ஒப்பிட்டுத் தன் ஊகத்தைத் திருத்தும். இவ்வாறு மீண்டும் மீண்டும் செய்யும். ஹவுன்ஸ்ஃபீல்டின் தொடக்கக் கருவியும் இவ்வகைக் கணக்கையே கையாண்டது. அக்காலக் கணினிகளின் வேகம் போதாமையால் கைவிடப்பட்ட அம்முறை, ஏறத்தாழ 2009ஆம் ஆண்டு முதல் புதிய வடிவில் மீண்டும் மருத்துவமனைகளுக்கு வந்தது. குறைந்த கதிர்வீச்சிலும் இரைச்சல் அடங்கிய படத்தை அது தருகிறது. 2019ஆம் ஆண்டில், செயற்கை நுண்ணறிவால் இரைச்சலை நீக்கும் முறைகளுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

இம்முறைகளிலும் எச்சரிக்கை தேவை. திருத்தம் மிகுந்தால் படம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகிவிடும். இரைச்சலோடு சேர்ந்து, பக்கவாதத்தின் மெல்லிய முதல் அடையாளமும் துடைக்கப்பட்டுவிடலாம். அழுக்கைத் துடைக்கும் கை ஓவியத்தையும் துடைத்துவிடக் கூடாது.

பொய்த்தோற்றத்தின் சிக்கல் வேறு. இருபுறக் காதெலும்புகளும் மிக அடர்த்தியானவை. ஆற்றல் குறைந்த கதிர்களை அவை முதலிலேயே விழுங்கிவிடுவதால், அவற்றிற்கு இடையே, மூளைத்தண்டின்மீது, ஒரு கரும்பட்டை விழுகிறது. கதிர்வீச்சைக் கூட்டுவதால் மட்டும் இது மறைவதில்லை. இரு வேறு ஆற்றல்களில் படம் எடுத்து ஒப்பிட்டுக் கணக்கிடும் இரட்டை ஆற்றல் முறை இப்பட்டையைக் குறைக்க உதவுகிறது. மூளைத்தண்டைப் பொறுத்தவரை, எலும்பால் பாதிக்கப்படாத காந்த அதிர்வுப் படமே பெரிதும் துணைசெய்கிறது.

அழகிய படத்தின் ஆபத்து

பழைய எக்ஸ் கதிர்ப் படச்சுருளில் கதிர்வீச்சு அளவுக்கு மிஞ்சினால் படம் கறுத்துவிடும். தவறு உடனே தெரிந்துவிடும். சி.டி. படத்தில் நிகழ்வதோ இதற்கு மாறானது. கதிர்வீச்சு மிஞ்சினால் படம் கெடுவதில்லை. இரைச்சல் குறைந்து மேலும் அழகாகிறது. தவறு அழகின் பின்னே ஒளிந்துகொள்கிறது.

இதன் விளைவை 2009ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஒரு நிகழ்வு உலகிற்கு உணர்த்தியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில மருத்துவமனை ஒன்றில், பக்கவாத நோயாளிகளுக்கு மூளையின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் சி.டி. படம் எடுக்கப்பட்டு வந்தது. கருவியின் அமைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டதால், 18 மாதங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் உரிய அளவைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அத்தவறு படங்களின் வழியாக வெளிவரவில்லை. நோயாளி ஒருவர் தம் தலைமுடி திட்டுத்திட்டாக உதிர்வதாகத் தெரிவித்த பின்னரே வெளிவந்தது.

வளரும் பருவத்தினரிடம் இன்னும் மிகுந்த கவனம் தேவை. சிறுவயதில் சி.டி. எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,78,000 பேரைப் பற்றிய பிரித்தானிய ஆய்வு 2012ஆம் ஆண்டு வெளியாயிற்று. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பதினாயிரம் பேருக்குத் தலையில் சி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு இரத்தப் புற்றும் ஒருவருக்கு மூளைக்கட்டியும் வரக்கூடும் என அது மதிப்பிட்டது. தனி ஒருவருக்கு இது மிகச் சிறிய இடர்தான். தேவையான இடத்தில் சி.டி. தரும் நன்மை இதனினும் பன்மடங்கு பெரிது. வழக்கமான தலை சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து மனிதர் ஓராண்டில் பெறும் உலகச் சராசரியான 2.4 மில்லிசீவர்ட்டை ஒட்டியதே இது. ஆகவே அஞ்சத் தேவையில்லை. தேவையின்றி எடுப்பதையும், தேவைக்கு மேல் எடுப்பதையும் தவிர்த்தல் வேண்டும். இந்தியாவில் சி.டி. கருவியை இயக்குவதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் கட்டாயமாக்கப்பட்டிருப்பதும் இக்காரணம் பற்றியே.

நேர்மையான ஒப்பீடு

இரு முறைகளுள் எது சிறந்தது என ஆராய்வோர் சில நெறிகளைப் பின்பற்றுகின்றனர். முதலாவதாக, இரண்டிலும் கதிர்வீச்சின் அளவு ஒன்றாக இருத்தல் வேண்டும். அன்றேல் வேறுபாட்டைக் குறிப்பிட்டு ஒப்பிடல் வேண்டும். மிகுதியான கதிர்வீச்சால் கிடைத்த தெளிவை முறையின் சிறப்பாகக் கொள்வது முறையன்று.

இரண்டாவதாக, ஒப்பிடுவதற்காக ஒருவரையே இருமுறை கதிர்வீச்சுக்கு உட்படுத்துதல் அறமாகாது. எனவே, தலையை ஒத்த மாதிரி உருக்களைச் செய்து, அவற்றினுள் நுண்கோடுகளையும் மெல்லிய வேறுபாடுடைய வட்டுகளையும் பதித்து அளக்கின்றனர். கணக்கீட்டு முறைகளை ஒப்பிடும்போது, ஒருவரிடம் ஏற்கெனவே பதிவான அளவீடுகளையே இருவகையாகப் படமாக்குகின்றனர்.

மூன்றாவதாக, எண்களால் அளப்பதோடு நில்லாமல், கதிரியல் மருத்துவர் பலரிடம் படங்களைக் கொடுக்கின்றனர். எந்தப் படம் எம்முறையில் எடுக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. புதியது என்று அறிந்தால் மனம் அதன்பக்கம் சாயக்கூடும் என்பதே காரணம். ஒருவர் மதிப்பீடு மற்றவர் மதிப்பீட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையும் கணக்கிடுகின்றனர்.

நான்காவதாக, ‘எந்தப் படம் நன்றாக இருக்கிறது?’ என்பதோடு, ‘எந்தப் படத்தில் நோய் தவறாமல் கண்டறியப்பட்டது?’ என்றும் கேட்கின்றனர். இவ்விரு வினாக்களுக்கும் விடை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

வினாவிற்கேற்ற படம்

மூளையறைகளில் திரவம் தேங்கியதால் வடிகுழாய் பொருத்தப்பட்ட குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். வடிகுழாய் அடைபட்டதா என்பதை அறிய, வளரும் காலமெல்லாம் பலமுறை படம் எடுக்க நேரிடலாம். அறை விரிந்துள்ளதா என்பது ஒன்றே அங்கு எழும் வினா. திரவத்திற்கும் மூளைக்கும் இடையே வேறுபாடு போதிய அளவு இருப்பதால், இரைச்சல் மிகுந்த, கதிர்வீச்சு குறைந்த படமே அதற்கு விடை தந்துவிடும். அப்படம் கண்ணுக்குக் கரடுமுரடானது. ஆயினும் அக்குழந்தைக்கு அதுவே தரமான படம். பக்கவாதம் கண்டவருக்கோ சில அலகு வேறுபாட்டையும் காட்டவல்ல, இரைச்சல் அடங்கிய படம் வேண்டும். அவருக்குக் கதிர்வீச்சைக் குறைக்க முனைந்து அடையாளத்தைத் தவறவிடுதல் பெருந்தீங்கு. விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு, எலும்பின் விரிசலையும் உள்ளே தேங்கிய குருதியையும் ஒருசேரக் காட்டும் விரைவான பதிவு வேண்டும்.

கருவிகள் மேலும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. கதிர்த்துளிகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றின் ஆற்றலையும் அளக்கும் புதுவகை சி.டி. கருவிக்கு 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது. குறைந்த கதிர்வீச்சில் மிகுந்த பிரிதிறனை அது அளிக்கிறது. ஆயினும், எத்துணைச் சிறந்த கருவி வந்தாலும், எவ்வளவு போதும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு மனிதரிடமே இருக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தும் நஞ்சு என்பது நம் முன்னோர் வழக்கு. தெளிவுக்கும் அது பொருந்தும். நோயாளியின் தேவையை முதலில் வினவி, அவ்வினாவிற்குப் போதுமான தெளிவை, இயன்றவரை குறைந்த கதிர்வீச்சில் தருவதே தரமான படம்.

கற்பவை கற்றபின்

1. நான்கு கட்டங்களில் எண்களை மறைத்து, வரிசை, நிரல், மூலைவிட்டக் கூட்டுத்தொகைகளை மட்டும் நண்பரிடம் கொடுத்து எண்களைக் கண்டறியச் செய்க. மூலைவிட்டத்தை விட்டுவிட்டால் விடை ஏன் உறுதியாவதில்லை என விளக்குக.

2. ‘அழகான படம், பயனுள்ள படம்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. பக்கவாதத்தின் அறிகுறிகளையும், அவை தோன்றினால் உடனே செய்ய வேண்டியவற்றையும் அருகிலுள்ள அரசு மருத்துவமனை மருத்துவரிடம் கேட்டறிந்து, ஊர்மக்களுக்குப் பயன்படும் வகையில் சுவரொட்டி ஒன்று உருவாக்குக.

4. படிமுறை, சுருள்முறை ஆகியவற்றின் நிறைகுறைகளை அட்டவணைப்படுத்துக.